மூன்று பத்துக்குக் குரைக்கும் பொல்ட்டு

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் மெல்லிய பனி. ஃபேன் போட்டால் குளிர், நிறுத்தினால் கொசு. ஸ்வெட்டர் மூட்டையை இறக்க வேண்டும், இறக்கவில்லை.

இன்றைய வேலை: நாய்க்கு நோட்டுப் போடுவது. ஷீல் பாபுவின் உத்தரவு. போலீஸ் நாய்களைப் பழக்கி ரிடையர் ஆன மனிதர், பெஹாலாவில் இருக்கிறார். நேற்று ஃபோனில் பிடித்தேன். "நாய் ரொம்பக் குரைக்குது" என்றேன். "ரொம்பன்னா எவ்வளவு? எப்போ? எதைப் பாத்து?" மூன்றுக்கும் "ரொம்பத்தான்" என்றேன்.

"பௌதி, காய்ச்சல்னா தெர்மாமீட்டர் வைக்கிறீங்க இல்ல? அது மாதிரி மூணு கட்டம் போடுங்க. முன்னால என்ன நடந்தது, நாய் என்ன செஞ்சது, பின்னால நீங்க என்ன செஞ்சீங்க. ஒரு வாரம் எழுதுங்க. அப்புறம் நான் வரேன்."

(பௌதி என்றால் அண்ணி. இருபத்திரண்டு வருஷமாகக் கொல்கத்தாவில், இந்த டாக்குரியாவில், ஊருக்கெல்லாம் நான் அண்ணி.)

மூன்றாவது கட்டம்தான் எனக்கு இடிக்கிறது. நான் என்ன செய்தேன் என்று யாரும் கேட்கக் கூடாது என்பது என் வாழ்நாள் கொள்கை.

இவர் ஆபீஸுக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தார். "நாய்க்கு நோட்டுப் போடுதியா? நான் பி.பி. மாத்திரை போட்டேனா இல்லியான்னு என்னிக்காவது எழுதியிருக்கியா?" சால்ட் லேக் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். மாத்திரை போடவில்லை. எழுதிவிட்டேன்.

நோட்டுக்குக் காரணம்: கட்டடக் கமிட்டியின் நோட்டீஸ். 16-ஆம் தேதி ஞாயிறு மீட்டிங். அதற்குள் குரைப்பு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பொல்ட்டு வெளியே. வெளியே என்றால் எங்கோ ஊருக்கு வெளியில் நாற்பது நாய் அடைத்த ஒரு காப்பகம். வேலைக்கு வரும் மினதி சொல்கிறாள், "ஒன்பது வயசு நாய் பௌதி, அங்க ஒரு வாரம் தாங்காது." இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக மீன் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

பொல்ட்டு: வெள்ளை ஸ்பிட்ஸ். பக்கத்து வீட்டு மாஷிமாவின் (வங்காளத்தில் சித்தி, பெரியம்மா) நாய். மாஷிமா பூகோளம் கற்றுக்கொடுத்து ரிடையரான டீச்சர், எண்பத்தொரு வயசு, தனி ஆள். ஆகஸ்டில் போய்விட்டாள். கனடாவிலிருந்து மகன் வந்து காரியம் முடித்து, "நாயை யார் எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டபோது கையைத் தூக்கியது நான். கட்டடமே அதிசயப்பட்டது. நாயைக் கண்டால் முகத்தைச் சுளிப்பவள் என்று எனக்குப் பெயர்.

ஏன் தூக்கினேன்? அதற்குக் கட்டம் இல்லை.

நவம்பர் 5, புதன்

வெயில் மஞ்சள். கட்டங்கள்:

6.40. முன்: பேப்பர்காரர். நாய்: இரண்டு குரைப்பு. பின்: ஒன்றும் செய்யவில்லை, தானே நின்றது.
8.15. முன்: என் குக்கர் விசில். நாய்: காதைக்கூட அசைக்கவில்லை. தமிழ்ச் சமையலுக்கு மரியாதை அவ்வளவுதான்.
9.30. முன்: தெருவில் மீன்காரர் குரல். நாய்: ஆனந்தக் கூச்சல், வால் சுழற்சி. பின்: இழுத்துக்கொண்டு வந்தேன்.
3.10. முன்: ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. நாய்: எழுந்து, எங்கள் பெட்ரூம் சுவரின் முன் போய் நின்று, ஆரம்பித்தான். 3.55 வரை. பின்: கத்தினேன்.

எங்கள் பெட்ரூம் சுவருக்கு அந்தப் பக்கம் மாஷிமா வீட்டு நடை. பாத்ரூமுக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருக்கும் குட்டி நடை. வீடு பூட்டிக் கிடக்கிறது.

ஷீல் பாபுவிடம் ஃபோனில் ஒப்புக்கொண்டேன். "கத்தினீங்களா? நாய் என்ன நினைக்கும் தெரியுமா? ஆஹா, அம்மாவும் சேந்து குரைக்கிறாங்கன்னு நினைக்கும். கோரஸ்!" கத்தக் கூடாதாம். நாய் மூச்சு வாங்க ஒரு இடைவெளி விடும், அந்த இடைவெளியில் ஒரே ஒரு தடவை "சுப்" (பேசாதே) என்று மெதுவாகச் சொல்லி ஒரு துண்டு கோழி. சத்தத்துக்கு அல்ல, சத்தமில்லாததற்குச் சம்பளம்.

"உக்காரு", "சும்மா இரு" எல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று. என்னை ஒரு வெளியூர்க்காரியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான். "போஷோ" என்றால் டப்பென்று உட்கார்ந்து வலது காலைத் தூக்குகிறான். வங்காள நாய். என் வங்காள உச்சரிப்பைக் கேட்டு ஒரு கணம் தலையைச் சாய்த்து யோசிக்கிறான், அதுதான் அவமானம்.

ஒரு விஷயம் எழுதிவைக்கிறேன். இந்தத் தெருவில் மத்தியானம் இரண்டு முதல் நாலு வரை யாரும் யார் வீட்டுப் பெல்லையும் அடிப்பதில்லை. சோறு, மீன் குழம்பு, அப்புறம் தூக்கம். கூரியர்காரர்கூட நாலு மணிக்குத்தான் மாடி ஏறுவார். நான் வந்த புதிதில் தெரியாமல் மூன்று மணிக்கு எதிர்வீட்டில் தயிர் உறை கேட்டு பெல் அடித்தேன். அந்தம்மாள் கதவைத் திறந்து, "யார் செத்துட்டாங்க?" என்று கேட்டாள். நிஜமாகவே. சாவுக்குத்தான் அந்த நேரத்தில் பெல்.

அந்த நேரத்தில்தான் இவன்.

நவம்பர் 6, வியாழன்

நோட்டீஸை இன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். படித்துவிட்டுச் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"மேற்படி நாய் தன் குரலைத் தானே மிகவும் ரசிக்கிறது. குரைப்பு நிற்கும்போதோ, இனி எப்போது தொடங்கும் என்ற கவலையிலேயே மிச்சத் தூக்கமும் போய்விடுகிறது."

இது என் வாக்கியம். என் சொந்த வாக்கியம்!

ஜூன் மாதத்தில் மாஷிமாவின் நாயைப் பற்றிக் கமிட்டிக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டேன். இங்கிலீஷில், டைப் அடித்து, கையெழுத்தில்லாமல். இவர்தான் ஸ்பெல்லிங் திருத்தினார். தமிழ்ச் சங்க ஆண்டு மலரில் வருஷத்துக்கு ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதும் கை, சும்மா இருக்குமா? செக்ரட்டரி தத்தா பாபு அதை மீட்டிங்கில் நின்று வாசித்தார். சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறியது. அன்றிலிருந்து அந்த நாய் குரைத்தால் கட்டடத்தில் யாருக்கும் கோபமே வராது. "கச்சேரி ஆரம்பிச்சாச்சு" என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். அந்த மீட்டிங்கில் அதிகமாகச் சிரித்தது மாஷிமாதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "யார் எழுதினதோ, ரசிகன்" என்றாள்.

இப்போது அதே தாள், எனக்கு.

தத்தா பாபுவை மாடிப்படியில் பிடித்தேன். "நோட்டீஸ் நல்லா எழுதியிருக்கீங்க."

"நான் எங்க பௌதி எழுதினேன்? பழைய ஃபைல்ல ஒண்ணு கிடைச்சது. யாரோ கெட்டிக்காரன்."

தலையாட்டினேன். பாராட்டு வாங்க இப்படி ஒரு நேரம்.

அவருக்கு ஒரு யோசனை: மூன்று மணிக்குத் தண்ணீர் மோட்டார் போடுகிறார்கள், அந்த உறுமலுக்குத்தான் குரைக்கிறதோ? இன்று மோட்டாரை நிறுத்திவைத்தார்.

3.10. முன்: நிசப்தம். காக்கைகூட இல்லை. நாய்: ஆரம்பித்தான்.

அதோடு மேல் மாடிக்குத் தண்ணீரும் இல்லை. அதற்கும் என்னைத் திட்டினார்கள்.

நவம்பர் 7, வெள்ளி

காலையில் அவனை இரண்டு மடங்கு தூரம் நடக்கவைத்தேன். வீடு முழுக்கக் கோழித் துண்டுகளை ஒளித்துவைத்து மோப்பம் பிடிக்க விட்டேன். அலுப்பில் குரைக்கும் நாய்க்கு இது மருந்தாம். சோபா மெத்தையைப் பிரித்து மேய்ந்தான். அசந்து தூங்கினான். நானும் அசந்தேன்.

3.10. தூக்கத்திலிருந்து நேராக எழுந்து போனான். கண் சரியாகத் திறக்கவில்லை. எங்கே போக வேண்டுமென்று தெரிந்திருந்தது.

நவம்பர் 8, சனி

இவருக்கு லீவு. "பூட்டின வீட்டுக்குள்ள எலியோ பூனையோ இருக்கும். போய்ப் பாத்தா தெரிஞ்சு போவுது. இதுக்கு ஒரு போலீஸ்காரர் வேற." மாஷிமாவின் மகன் சாவியைத் தத்தா பாபுவிடம் விட்டுப் போயிருக்கிறான். காலை பதினொரு மணிக்கு நாலு பேர் போனோம்: இவர், தத்தா பாபு, நான், பொல்ட்டு.

வாசல் பெல்லைப் பழக்கதோஷத்தில் அமுக்கினேன். மாஷிமா வீட்டு பெல்லுக்குக் குருவிச் சத்தம். வரவில்லை. தத்தா பாபு சிரித்தார். "செப்டம்பர்லயே கரண்ட்டை வெட்டிட்டாங்க பௌதி. யாரு திறப்பாங்கன்னு அடிக்கிறீங்க?"

உள்ளே பகலிலும் டார்ச் வேண்டியிருந்தது. எல்லா ஜன்னலும் அடைத்திருந்தது. பாச்சை உருண்டை வாசனை, அதற்குக் கீழே கடுகு எண்ணெய். ஃபிரிட்ஜ் கதவில் பேப்பர் சொருகித் திறந்து வைத்திருக்கிறார்கள். சுவரில் உலக வரைபடம், கனடாவில் ஒரு குண்டூசி. காலண்டரில் இன்னும் ஆகஸ்ட்.

உள்ளே நுழைந்ததும் குதிப்பான், தேடுவான் என்று நினைத்துச் சங்கிலியை இரண்டு சுற்றுக் கையில் சுற்றியிருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. நேராக அந்த நடைக்குப் போனான். பாத்ரூம் கதவுக்கும் படுக்கையறைக் கதவுக்கும் நடுவில் உட்கார்ந்தான். குரைக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். இவரை அல்ல, தத்தா பாபுவை அல்ல.

நான் டார்ச்சை வேறு பக்கம் திருப்பினேன்.

"பாயிரா! பாயிரா!" என்று சமையலறையிலிருந்து தத்தா பாபு. புறா. வென்டிலேட்டரில் கூடு, இரண்டு முட்டை. ஆளாளுக்கு வெற்றிப் பெருமூச்சு. இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. சாயங்காலத்துக்குள் கூட்டைப் பத்திரமாக மொட்டைமாடிக்கு மாற்றி, வென்டிலேட்டருக்கு வலை அடித்தாயிற்று.

3.10க்கு என்ன ஆயிற்று என்று எழுத வேண்டாம். இவர் தூங்குகிறேன் என்று போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டார். "நாளைக்கு நிக்கும். வலை இப்பத்தான அடிச்சிருக்கு."

எங்கள் பக்கச் சுவரில், அந்த இடத்துக்கு நேரே, ஒரு முருகன் காலண்டர் மாட்டியிருக்கிறேன். மாட்டக் கூடாத உயரத்தில், இடுப்பளவில். "இது என்ன இங்க?" என்று இவர் கேட்டார். ஆணி அங்கேதான் இறங்கிச்சு என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

நிற்கவில்லை.

மதியம் இவர் சுவரில் காது வைத்துக் கேட்டார். "ஒண்ணும் கேக்கல. ஆனா ஒண்ணும் கேக்காததே என்னவோ மாதிரி இருக்கு." சொல்லிவிட்டு வெட்கப்பட்டு டி.வி. போட்டார்.

நவம்பர் 11, செவ்வாய்

ஷீல் பாபு வந்தார். குள்ளமான மனிதர், மீசை மட்டும் உயரம். இரண்டரைக்கே வந்து பெட்ரூமில் மோடா போட்டு உட்கார்ந்துகொண்டார். பொல்ட்டுவை அவர் கண்டுகொள்ளவே இல்லை, அதனாலேயே பொல்ட்டு அவர் காலடியில் போய்ப் படுத்தான். என் நோட்டைப் படித்துப் பாராட்டினார். "மூணாவது கட்டத்துல மட்டும் கஞ்சத்தனம்."

காத்திருந்தபோது பாடம் எடுத்தார். ஆள் வந்தால் குரைப்பது: உடம்பு விறைப்பு, வால் மேலே. அலுப்பு: ஒரே சுருதி, இடைவெளி விட்டு விட்டு, பார்வை எங்கேயோ. சாப்பாடு கேட்டு: உங்கள் முகத்தைப் பார்த்துத் திமிராக. பயம்: காது பின்னால், ஒரு அடி முன்னே, இரண்டு அடி பின்னே. "நாய் பொய் சொல்லாது பௌதி. நாமதான் தப்பாப் படிப்போம்."

3.10. எழுந்தான்.

ஷீல் பாபு ஐந்து நிமிஷம் பார்த்தார். மீசை அசையவில்லை. பொல்ட்டு சுவரின் முன் உட்கார்ந்து மூன்று தடவை குரைத்தான். திரும்பி என்னைப் பார்த்தான். மறுபடி சுவர். மூன்று குரைப்பு. மறுபடி என்னை.

"பௌதி, இது சண்டைக் குரைப்பு இல்ல. பயமும் இல்ல." ஏனோ குரலைத் தாழ்த்தினார். "என் சர்வீஸ்ல, கட்டடம் இடிஞ்சு விழுந்த இடத்துக்கு நாயைக் கூட்டிட்டுப் போவோம். உள்ள ஆள் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சா, நாய் அங்க உக்காந்துடும். உக்காந்து குரைக்கும், நம்மளத் திரும்பிப் பாக்கும். 'இங்க இருக்கு, வா'ன்னு அர்த்தம். நாம போய் நிக்கிற வரைக்கும் நிறுத்தாது. போயிட்டா, கப்சிப்."

"இவனுக்கு யாரும் பழக்கலையே?"

"அதான் எனக்கும் புரியல." சுவரைப் பார்த்தார். "அந்தப் பக்கம் யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல."

தேநீர் வேண்டாம் என்றார். ஒரு கொல்கத்தாக்காரர் தேநீர் வேண்டாம் என்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். போகும்போது கீழே தெருவாசலில் நின்று, "அந்த நேரத்துல ரெண்டு நாள் வெளிய கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. பழக்கம் அறுந்தா நல்லது. அறுந்துபோகலைன்னா..." பஸ் வந்துவிட்டது.

நவம்பர் 12, புதன்

இரண்டே முக்காலுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு, நடக்கிற தூரத்தில் இருக்கும் லேக்குக்குப் போனேன். தெருவில் ஈ, காக்கை இல்லை. ரிக்‌ஷாக்காரர் ரிக்‌ஷாவிலேயே தூக்கம். லேக்கில் மட்டும் மரத்துக்கு ஒரு ஜோடி, குடைக்குள். பொல்ட்டு எல்லா ஜோடியையும் மோந்து பார்த்தான், ஒருத்தரைப் பார்த்தும் குரைக்கவில்லை. என்னைவிட நாகரிகம்.

3.10. வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நின்றான். வீடு இருக்கும் திசையில் திரும்பி உட்கார்ந்தான். ஒரு சத்தம் இல்லை. காது மட்டும் முன்னால். கேட்பதுபோல். 3.55க்கு எழுந்து உடம்பை உதறிக்கொண்டான். எனக்கு ஒரே சந்தோஷம். பழக்கம் அறுந்தது! கோழித் துண்டு மொத்தத்தையும் கொடுத்தேன்.

நாலேகாலுக்குத் திரும்பினால் மாடிப்படியில் தத்தா பாபு. லுங்கி, கலைந்த முடி, சிவந்த கண்.

"பௌதி, இன்னிக்கும் முக்கால் மணி நேரம்! மேல்மாடி, கீழ்மாடி எல்லாரும் கேட்டாச்சு. நீங்களும் அடக்கப் பாத்தீங்க, தெரியுது. ஆனா சுவத்துல அப்படியா தட்டுறது? டொம், டொம், டொம். என் கட்டிலே ஆடிச்சு."

என் கையில் சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் பொல்ட்டு, காலில் லேக் கரை மண்ணோடு.

"எத்தனை தட்டு?" என்று கேட்டேன்.

"மூணு. ஏன், எண்ணாமயா தட்டினீங்க?"

மாலை 6 மணி. இவர் இன்னும் வரவில்லை. பழைய நோட்டை எடுத்தேன். ஆகஸ்ட். எந்தப் பக்கம் என்று தேடவேண்டியிருக்கவில்லை, தானாகவே அங்கே திறந்தது. என் கையெழுத்து, என் கிண்டல்:

"மழை. மதியம் 3.10க்குச் சனியன் கச்சேரியை ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கு ஸ்பெஷல் ராகம், கொஞ்சம் அழுகை கலந்து. பூரிக்கட்டையால் சுவரில் மூன்று தட்டு. சுவரில் மூன்று பள்ளம்தான் மிச்சம். 3.55க்குத் தானே அடங்கியது. வெற்றி நமதே. தூங்கினேன்."

அதற்கு அடுத்த நாள் பக்கம் காலி.

அந்தக் கச்சேரி நடந்த அன்றைக்கே ஐந்து மணிக்குத் தேநீர் போட வந்த மினதிதான் கண்டுபிடித்தாள். அப்போது அவள் மாஷிமா வீட்டிலும் வேலை பார்த்தாள். பாத்ரூமுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் மாஷிமா விழுந்து கிடந்தாள். பக்கத்தில் பொல்ட்டு, குரல் கட்டிப் போய், வாயைத் திறந்தால் காற்று மட்டும். மாஷிமா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்தான் இருந்தாள். டாக்டர் தத்தா பாபுவிடம், "மூணு மணிக்கே யாராவது பாத்திருந்தா" என்றாராம். தத்தா பாபு எங்களிடம் சொன்னார். எல்லாரும் "ஐயோ" என்றோம். நானும் ஐயோ என்றேன், நன்றாகவே.

கட்டடம் முழுக்கக் கேட்டது அந்தக் குரைப்பு. யாரும் போகவில்லை. தூக்க நேரத்தில் பெல் அடிப்பதா? அதுவும் அந்த நாய்தானே, கச்சேரிதானே. அந்தச் சிரிப்பை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

மாஷிமாவுக்கு நினைவு இருந்திருக்குமா அப்போது? சுவருக்கு இந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்று என் தட்டல் சொல்லியிருக்கும். மூன்று தட்டு. வருகிறார்கள் என்று நினைத்திருப்பாளோ.

காலண்டரை எடுத்துப் பார்த்தேன். மூன்று பள்ளம். திரும்ப மாட்டிவிட்டேன். முருகன் கொஞ்சம் கோணலாக இருக்கிறார்.

இவர் வந்ததும், "என்ன முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். தலைவலி என்றேன்.

நவம்பர் 13, வியாழன்

வானம் மூட்டம். மினதி இரண்டு தட்டை உடைத்தும் திட்டவில்லை. பயந்துபோய், "பௌதி, உடம்பு சரியில்லையா?"

3.05. சங்கிலியை எடுத்தேன். கதவைத் திறந்தேன். மாஷிமா வாசலுக்கு ஆறு அடி. இந்த ஆறு அடியை ஆகஸ்டில் நடந்திருக்கலாம்.

கட்டடமே தூங்கியது. எங்கோ ஒரு குறட்டை, தத்தா பாபுவாகத்தான் இருக்கும். வெட்கமாக இருந்தது. ஐம்பத்துமூன்று வயசில், நைட்டியோடு, கரண்ட் வெட்டின வீட்டு பெல்லை அடிக்க நிற்கிறேன். யாராவது பார்த்தால் சங்க மலருக்கு அவர்கள் எழுதுவார்கள்.

3.10. அமுக்கினேன். சத்தம் வரவில்லை. எப்படி வரும்?

ஆனாலும் இன்னும் இரண்டு தடவை அமுக்கினேன். "மாஷிமா, நான்தான்" என்றேன். தமிழிலா வங்காளத்திலா, ஞாபகம் இல்லை.

பொல்ட்டு உட்கார்ந்தான். போஷோ யாரும் சொல்லவில்லை. வலது காலைத் தூக்கினான், கதவை நோக்கி. வால் தரையைப் பெருக்கியது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பிறகு காலை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினான். கொட்டாவி விட்டான். வீட்டுக்குப் போகலாம் என்றான்.

குரைப்பு: இல்லை. 3.55 வரை காத்திருந்தேன். இல்லை.

மூன்றாவது கட்டத்தில் முதல்முறையாக உண்மை எழுதினேன்: "போனேன்."

நவம்பர் 14, வெள்ளி

போனேன். குரைப்பு இல்லை. மோட்டார் ஓடியது, மேல் மாடிக்குத் தண்ணீர், உலகம் க்ஷேமம்.

ஷீல் பாபுவுக்கு ஃபோன். "நின்னுடுச்சா? எப்படி?" சொன்னேன். "ஒரு நாள்கூட விட்டுடாதீங்க பௌதி" என்றார். ஏன் என்று கேட்டேன். "நாய்க்குப் பழக்கம் முக்கியம்." நாய்க்கு என்று கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

நவம்பர் 15, சனி

இன்று இவர் வீட்டில். 3.05க்கு நான் எழுந்ததும், "எங்க?"

"பக்கத்து வீட்டுக்கு."

"பக்கத்து வீட்டுல யாரு?"

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பூரிக்கட்டை, கடிதம், லேக். இவருக்குக் கடிதம் தெரியும், பூரிக்கட்டை தெரியாது. சிரிக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அந்த ஸ்பெல்லிங்க நான் திருத்தாம இருந்திருக்கலாம்" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு கூட வந்தார். மூன்று பேரும் வாசலில் நின்றோம். நான் பெல்லை அமுக்கினேன், இவர் கையைக் கட்டிக்கொண்டார், கோயிலில் நிற்பதுபோல்.

திரும்பும்போது கேட்டார், "உனக்குக் கடுகெண்ணெய் வாசனை வந்துச்சா?"

கீழ் வீட்டுச் சமையல் என்றேன். மூன்று பத்துக்கு யார் சமைக்கிறார்கள்?

நவம்பர் 16, ஞாயிறு

இதமான வெயில். ஸ்வெட்டர் மூட்டையைக் கடைசியில் இறக்கினேன்.

காலை பதினொரு மணிக்கு மீட்டிங், கார் நிற்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு. தத்தா பாபு எழுந்து, "மூணு நாளா நிசப்தம். பௌதிக்கு நன்றி. நாய் இருக்கலாம்" என்றார். கை தட்டினார்கள். "என்ன மருந்து கொடுத்தீங்க?" என்று எதிர்வீட்டு அம்மாள்.

எழுந்து நின்றேன். இரண்டு ஜோக் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "ஜூன்ல அந்தக் கடிதம் எழுதினது நான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஜோக் என்று நினைத்துவிட்டார்கள்! தத்தா பாபு புரையேறும்வரை சிரித்தார். "பௌதி, உங்களால மட்டும்தான் முடியும்!" மறுபடி சொல்லிப் பார்த்தேன். இன்னும் சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

பொல்ட்டு மட்டும் சிரிக்கவில்லை. என் காலில் சாய்ந்திருந்தான். எங்கள் நாய், இனி.

மீட்டிங் முடிந்து சந்தேஷ், கச்சோரி. வீட்டில் இவர் ஆட்டுக்கறிக் குழம்பு வேறு வைத்தார். நன்றாகவே சாப்பிட்டோம். ஐந்து நிமிஷம் கண்ணை மூடலாம் என்று சாய்ந்தேன்.

எழுந்து பார்த்தால் 3.14.

போகவில்லை. இன்றைக்கு நான் போகவில்லை.

ஆனால் குரைப்பு இல்லை. அறை முழுக்க அந்த மஞ்சள் வெயில். பக்கத்தில் இவர், அசைவே இல்லாத தூக்கம். கட்டடத்தில் ஒரு சத்தம் இல்லை. சுவரின் முன் பொல்ட்டு இல்லை. ஹாலுக்கு வந்தேன். எங்கள் வாசல் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வலது காலைத் தூக்கி.

நோட்டு இங்கே டீப்பாய் மேல்தான் இருந்தது. நின்றபடி எழுதுகிறேன். ஷீல் பாபு சொன்ன மாதிரி, அந்தந்த நேரத்திலேயே.

3.15. முன்: எங்கள் வாசல் பெல். மூன்று தடவை.
நாய்: குரைக்கவில்லை. வாலாட்டுகிறான்.
பின்: திறக்கப் போகிறேன்.